துப்பும் தீர்ப்பும்

எம்மிடம் முன்னர்ப் பயின்ற இளைஞர் ஒருவர், தாம் எழுதிய துப்பறியும் நாவலின் கையெழுத்துப் படியை அண்மையில் எம்மிடம் தந்தார். கதை நிகழுமிடம் ஓப்பநாயக்கப் பகுதித் தோட்டம் ஒன்று. துரை பங்களாவில் நீலக்கல் மோதிரம் காணாமற் போகிறது. கொழும்பிலிருந்து மேலங்கியும் சுருட்டுமாகத் துப்பறிவாளர் வருகிறார். இறுதி அத்தியாயத்தில் பங்களாச் சமையற்காரர் பிடிபடுகிறார். எவ்வாறெனின், விசாரித்தபோது அவர் முகம் வெளிறியதாம்!

மர்மக் கதை என்றாலே முகஞ் சுளிக்கும் பண்டிதரோடு எம்மைச் சேர்த்தல் வேண்டா. நடேச சாஸ்திரியார் 1894இல் தானவன் என்னும் பொலிஸ் நிபுணனைத் தமிழுக்குத் தந்தார். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் அவ்வழியை அகலமாக்கினர். தமிழ்வாணனின் சங்கர்லாலை நன்னூலுக்குள் மறைத்துப் படித்தவர்களுள் யாமும் ஒருவர்.

ஆயினும் முகம் வெளிறுதல் துப்பாகாது. சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. ஆதலின் அது மர்மக் கதையன்று. எனினும் துப்பு என்றால் என்ன என்பதை அதனினும் தெளிவாகக் காட்டும் நூலை யாம் அறியோம். கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். தேவி சிலம்பின் பரல் முத்து. ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? அந்த நேரம் வெளியூரானாகிய கோவலனுக்குக் கிடைக்கவில்லை. பொற்கொல்லன் அரண்மனைக்கு வேண்டியவன். அவன் சொல்லே சான்றாயிற்று.

அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் 1928இல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். வேலைக்காரரைக் குற்றவாளியாக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அது மிக எளிய முடிவு என்பது அவர் கருத்து. யாம் வேறொரு காரணமும் சொல்வோம்: பங்களாவில் ஒரு பொருள் தொலைந்தால் லயத்தின் மேல் முதலிற் கண் வைப்பது கதைக்கு வெளியேயும் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தையே நாவலாசிரியரும் பின்பற்றுவாராயின், அவர் துப்புத் துலக்கவில்லை. பழைய தீர்ப்பைப் படியெடுக்கிறார்.

துப்புக்கோ நம் தோட்டங்களிற் பஞ்சமில்லை. இறப்பர் மரத்தை விடியலில் வெட்டினால் பால் சில மணி நேரம் வடிந்து, பின் வெட்டுவாயிலேயே உறைந்து நின்றுவிடும். சிரட்டையில் இன்னும் துளி விழுகிறதென்றால், கத்தி பட்டு நெடுநேரம் ஆகவில்லை என்பது லயத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். சுருட்டுப் பிடிக்கும் கொழும்பாருக்குத் தெரியாது. பட்டை நனைந்த மழைநாளிற் பால்வெட்டு இல்லை. அன்று மலைக்குப் போனேன் என்பவன் எதை வெட்டினான்? இன்னும் செக்ரோல் இருக்கிறது. பிரட்டுக்களத்தில் நின்றவர் யார், முழுப்பேர் யாருக்கு, அரைப்பேர் யாருக்கு என்பதெல்லாம் அதில் உண்டு. வராதவனுக்குப் பேர் விழுந்திருந்தால், அல்லது வந்தவளுக்கு விழாதிருந்தால், அங்கேயே ஒரு நாவல் தொடங்கிவிடும். இத்தகைய சான்றை மூன்றாம் அத்தியாயத்திலேயே வாசகர் கண்முன் வைத்து, அவர் அதைக் கவனியாது கடந்து செல்லுமாறு எழுதுவதே இக்கலையின் அருமை.

படியைத் திருப்பித் தந்தபோது, “மோதிரம் தொலைந்த அன்று யார் யாருக்குப் பேர் விழுந்தது, தம்பி?” என்று மட்டும் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தம் பாட்டனாரும் பங்களாவிற் சமையல் செய்தவரே என்று கூறி, படியை எடுத்துக்கொண்டு சென்றார்.