மறுபடியும் ஜன்னல் ஓரமா நிக்கணுமா?



சக்திமான் திரும்பவும் வரப்போறார்னு நான் சொன்னதும் என் பெஞ்சுல எல்லாரும் சிரிச்சாங்க. "அது உங்க அம்மா காலத்து நாடகம்டி" என்றார்கள். உண்மைதான். தூர்தர்ஷனில் 1997 செப்டம்பரில் ஆரம்பித்து 2005 வரை ஓடிய தொடர் அது. அப்போ நாம யாரும் பிறக்கவே இல்லை. ஆனாலும் நான் அதுக்குத் தீவிர ரசிகை.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கங்காதர் ஒரு பத்திரிகை போட்டோகிராபர். சோடாபுட்டி கண்ணாடி, எத்துப்பல். ஆபீசில் எல்லாருக்கும் அவர் ஒரு கேலிப்பொருள். ஆனால் அவர்தான் சக்திமான்! தட்டாமாலை சுத்துற மாதிரி சுத்தினால் போதும், பறந்துடுவார். மகாபாரதம் தொடரில் பீஷ்மராக வந்த முகேஷ் கன்னாதான் இரண்டு வேஷமும். எதிரிப் பக்கம் டாக்டர் ஜேக்கால் என்று ஒரு விஞ்ஞானி. அறிவு நிறைய இருக்கும், மனசுதான் சரியில்லை. விஞ்ஞானம் யார் கையில் இருக்கு என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் புரிய வைத்தது அவர்தான்.

எங்க அம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவங்க தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கிட்டுதான் பார்ப்பாங்களாம். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஒருநாள் நிருபர் கீதா பெரிய ஆபத்தில் மாட்டியிருக்கிற நேரம், கூட்டம் ஜாஸ்தின்னு வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்திட்டாங்க. கீதா தப்பிச்சாளா இல்லையான்னு அம்மாவுக்குத் தெரியாமலே போச்சு.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், தூர்தர்ஷன் சக்திமானை மறுபடி போட்டது. நான் அப்போ மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு வேலை இல்லை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் ஆனா அம்மா அடுப்பை அணைச்சுட்டு டிவி முன்னாடி வந்து உட்கார்ந்துடுவாங்க. அந்தப் பழைய பகுதி எதுன்னு கடைசிவரை கண்டுபிடிக்க முடியலை. எல்லாப் பகுதியிலும்தான் கீதா மாட்டிக்கிறாளே! ஆனால் அம்மா அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

2022 பிப்ரவரியில், சக்திமானை மூன்று பாகமாகப் பெரிய சினிமாவாக எடுக்கப் போவதாக சோனி நிறுவனம் அறிவித்தது. 2024 நவம்பரில் முகேஷ் கன்னாவே பழைய உடுப்பைப் போட்டுக்கிட்டு, திரும்பி வருகிறேன் என்று வீடியோவில் வந்தார். அப்போ அவருக்கு 66 வயசு. நானும் காத்துக்கிட்டு இருக்கேன்.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கு. தியேட்டரில் மட்டும் வந்தால் குடும்பத்தோடு போக டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு ஆகும்? மாசாமாசம் பணம் கட்டுற செல்போன் செயலியில் வந்தால், பணம் கட்டின வீட்டுப் பிள்ளையின் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்கணும். அதுவும் ஜன்னல்தானே?

கிராபிக்ஸ் பழசா இருந்தா யார் பார்ப்பா என்று சிலர் கேட்கிறார்கள். கிராபிக்ஸ் நல்லா இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனால் சக்திமான் கடைசியில் வந்து, பொய் சொல்லாதே, குப்பை போடாதே என்று பிள்ளைகளிடம் பேசுவாரே, அது எல்லாப் பிள்ளைகளுக்கும்தானே?

அதனால் என் கருத்து இதுதான். சினிமாவாக வரட்டும். அதோடு, காசு கட்டாமல் பார்க்கிற தூர்தர்ஷனிலும் வரணும். தமிழிலும் பேசணும். இந்த முறை கீதா தானே தப்பிச்சு வரணும்.

அன்னிக்கு எங்க அம்மா அடுப்பை அணைச்சுட்டு வருவாங்க. எங்க வீட்டு ஜன்னலை நான் திறந்தே வைப்பேன். டிவி இல்லாதவங்க உள்ளேயே வந்து உட்காரலாம்.



இப்படிக்கு,
சக்திமான் ரசிகை,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு,
கனகசெட்டிக்குளம்.