சாவி யாரிடம்?

நான் திண்டுக்கல்காரன். மாங்காய்ப் பூட்டைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் அதிகாரம் என்று யார் பேசினாலும், சாவி யாரிடம் என்றுதான் முதலில் கேட்பேன்.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. ‘கூட்டுறவுக் கூட்டாட்சி’ என்றார்கள். கணக்கைப் பாருங்கள். ஜிஎஸ்டி கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை; மாநிலங்கள் அத்தனைக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது, எல்லா மாநிலங்களும் சேர்ந்து கை தூக்கினாலும் டெல்லி தலையாட்டாமல் ஒன்றும் நகராது. இதுக்குப் பேரு கூட்டுறவா?

‘டெல்லியும் தனியாக எதையும் நிறைவேற்ற முடியாதே’ என்பார்கள். உண்மைதான். ஆனால் தடுக்க டெல்லிக்குத் துணையே தேவையில்லை. மாநிலங்களின் 31 உறுப்பினர்களும் வாக்களிக்கும் கூட்டத்தில் தமிழ்நாடு ஒன்றைத் தடுக்க, இன்னும் 11 பேரைத் திரட்ட வேண்டும்.

கவுன்சிலின் பரிந்துரைகள் கட்டாயமல்ல என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும் வாக்கின் எடை மாறவில்லை.

அரசியலமைப்பின் 279ஏ பிரிவைத் திருத்துங்கள். ஒன்றியத்தின் எடையை நான்கில் ஒரு பங்காகக் குறையுங்கள். மாநிலங்கள் எல்லாம் ஒத்துப்போனால், அப்போதாவது ஒரு முடிவு நிறைவேறும். இதைக் கேட்டா பிரிவினைன்னு சொல்றவங்க, முதல்ல கூட்டிக் கழிச்சுப் பாக்கட்டும்.