கல்லு மாதிரி இருந்தாத்தான் ரேஸ் காரா?

எங்கட பெடியளிட்ட ஒரு நம்பிக்கை இருக்கு: கார் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம். நிலத்தோட பதிஞ்சு நிக்க வேணும், பள்ளத்தில விழுந்தா முள்ளந்தண்டு வரைக்கும் தெரிய வேணும், பின்சீற்றில இருக்கிறவை "மெதுவாப் போ" எண்டு கத்த வேணும். அப்பதான் அது பெர்ஃபோமன்ஸ் கார். இந்த நம்பிக்கை பிழை என்பதுதான் எங்கள் கட்சி. பொது வீதியில் ஓடுகிற காருக்குச் சொகுசான சஸ்பென்ஷன் போடுவது வேகத்தை விட்டுக்கொடுக்கிற காரியமில்லை. அந்தக் காரை நம்பி ஓட்டுவதற்கான முதல் நிபந்தனையே அதுதான்.

சஸ்பென்ஷனின் முக்கியமான வேலை ரயரை றோட்டில் ஒட்டி வைத்திருப்பது. ஒரு ரயர் றோட்டைத் தொடுகிற இடம் கிட்டத்தட்ட ஒரு கையளவுதான். பிரேக், திருப்பம், இழுவை எல்லாமே அந்த நாலு கையளவில்தான் நடக்கிறது. ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகினால், மேட்டில் ஏறிய ரயர் உடனே கீழே இறங்கி றோட்டைப் பிடிக்காது, துள்ளும். துள்ளுகிற அந்தக் கணத்தில் பிரேக் அமத்தினாலும் ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் பெரிய பலன் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிற ரேஸ் தடத்தில் இந்தப் பிரச்சினை குறைவு. அதனால்தான் அங்கே இறுக்கம் எடுபடுகிறது. எங்கட ஒழுங்கைகளில எடுபடாது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். சாதாரண குடும்பக் காரின் உடல் செக்கனுக்கு 1 முதல் 1.5 தடவை வரை ஆடும் கணக்கில் ஸ்பிரிங் போடுவார்கள். வீதியில் ஓடுகிற ஸ்போட்ஸ் காருக்கு 1.5 முதல் 2 வரை. அதற்கு மேலே போனால் ரேஸ் காரின் எல்லை. மலிவான கொயிலோவர் செற்றுகள் பல, வாங்குபவர் எங்கே ஓட்டப்போகிறார் என்று கேளாமலே அந்த மூன்றாவது எல்லைக்குள் அவரை இறக்கிவிடுகின்றன.

நாங்கள் கும்பிடுகிற கார்களின் வரலாறும் எங்கள் பக்கம்தான். மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு இம்பிரேசா இரண்டும் பேர் எடுத்தது ரலி ஓட்டத்தில். கொலின் மக்ரே 1995இல் இம்பிரேசாவிலும், டொமி மக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு முறை லான்சரிலும் உலகச் சம்பியன் ஆனார்கள். கிரவல் றோட்டில் ஓடும்போது அந்த ரலி கார்கள் உயரமாக நின்றன. சில்லு மேலும் கீழும் தாராளமாக அசைய அவற்றில் இடம் இருந்தது. அதே காரை வாங்கி, சில்லு ரெண்டு விரல் அளவு கூட அசைய இடமில்லாமல் பதித்துவிட்டு, "ரலி கார்" எண்டு சொல்லுறது எந்த ஊர் நியாயம்?

ஹொண்டா சிவிக் டைப் ஆரைப் பாருங்கள். 2007இல் யப்பானில் வந்த நாலு கதவு டைப் ஆர், தடத்தில் எவ்வளவு புகழ் பெற்றதோ அவ்வளவுக்கு றோட்டில் உலுக்குகிறது என்றும் பேர் வாங்கியது. 2017இல் வந்த டைப் ஆரில், தேவைக்கேற்ப இறுகித் தளர்கிற ஷொக்கும் 'கொம்ஃபோட்' என்று ஒரு தெரிவும் இருந்தன. அது பழையதை விட மெதுவான கார் இல்லை.

இலங்கையில் இது வெறும் ரசனைப் பிரச்சினையும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே எங்களிடம் இருக்கிற வேகக் கார்கள் பெரும்பாலும் வயது போனவை. புஷ் வெடித்திருக்கும், ஷொக்கில் எண்ணெய் கசியும், மவுன்ட் தளர்ந்திருக்கும். அந்த எலும்புக்கூட்டின் மேல் இறுக்கமான கொயிலோவரைப் பூட்டினால், சத்தமும் செலவும்தான் கூடும்.

அப்ப என்ன செய்யலாம்? எங்கள் வரிசை இதுதான்.

முதலில் ரயர். கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்குக் காற்று அடியுங்கள். 18 அங்குல ரிம்மில் இருந்து 17க்கு இறங்கி, கொஞ்சம் தடித்த ரயர் போட்டாலே பாதி உலுக்கல் போய்விடும். பிரேக் கலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, புஷ்ஷும் மவுன்டும் புதுசாக்குங்கள்.

மூன்றாவதுதான் ஷொக். கொம்பனி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு நல்ல ஷொக் மட்டும் மாற்றுவது, எங்கள் கணிப்பில், காசுக்கு ஆகக்கூடிய பலன் தருகிற வேலை. பில்ஸ்டைன் பி6 கொம்பனி உயரத்துக்கு, பி8 பதித்த காருக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்க வேண்டாம். கோனியின் ஸ்பெஷல் அக்டிவ், சின்னச் சின்ன வேக அதிர்வுக்குத் தளர்ந்தும், வளைவில் உடல் மெல்லச் சாயும்போது இறுகியும் வேலை செய்யும். எங்கட றோட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான யோசனை அது.

கொயிலோவர்தான் வேணும் என்றால், ஸ்பிரிங் எத்தனை கிலோ என்று முதலில் கேளுங்கள். உயரத்தைக் கீழ்ப்பகுதியில் தனியாக மாற்றக்கூடியதாகப் பாருங்கள். அப்போதுதான் பதித்தாலும் ஷொக்கின் ஓட்டம் குறையாது. 32 கிளிக் இருக்கு என்று மயங்க வேண்டாம். பிழையான ஸ்பிரிங்கை எந்தக் கிளிக்கும் திருத்தாது.

கொயிலை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும். சில்லு முழுசாகத் தொங்கும்போது அது இருக்கையை விட்டு நழுவவும் கூடும். அளவுக்கு மீறிப் பதித்தால் வேறொரு வில்லங்கமும் உண்டு: கார் எந்நேரமும் பம்ப் ஸ்டொப்பில் போய் முட்டிக்கொண்டிருக்கும். வளைவின் நடுவில் முட்டினால் பிடி திடீரென்று விடும். எதை மாற்றினாலும் கடைசியில் வீல் எலைன்மன்ட் கட்டாயம்.

"பதிஞ்சு நிண்டா வடிவுதானே" என்று கேட்பீர்கள். வடிவுதான், மறுக்கவில்லை. கொஞ்சம் பதிப்பதிலும் பிழை இல்லை. "சொகுசெண்டா மெத்தை மாதிரி ஆடுமே" என்பது அடுத்த கேள்வி. ஆடுவது செத்த ஷொக்கின் அடையாளம். நல்ல செற்றப்பில் ஸ்பிரிங் இளகியிருக்கும், ஷொக் அதைக் கட்டுப்படுத்தும். லோட்டஸ்காரர் பல காலமாகச் செய்து காட்டிய வித்தை அது.

ஏ9இல் எங்கள் கார்களுக்கு மணிக்கு 70தான் எல்லை. விரைவுப் பாதையில் 100. அதற்கு மேலே எந்தச் சஸ்பென்ஷனும் எங்களுக்கு உரிமை தராது. ஆனால் அந்த 70இல் போகும்போதே, இரவில் ஒரு மாடு குறுக்கே வரும். பிரேக் அமத்தி, மழையில் நனைந்த, உடைந்த றோட்டு ஓரத்துக்கு ஒதுங்க வேண்டி வரும். அந்த நேரத்தில் நாலு ரயரும் நிலத்தில் இருக்கிற காரே நல்ல கார். அந்தக் காரில் அம்மம்மாவும் முதுகு நோகாமல் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு வரை வருவா.