பறை என்னும் சொல்

ஒரு தேசத்தோடு மற்றத் தேசங்கள் உறவை முறித்துக்கொண்டால், அந்தத் தேசத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் "பரையா தேசம்" என்று எழுதுகின்றன. தெருவில் திரியும் நாய்க்கும், குப்பைமேட்டைச் சுற்றும் பருந்துக்கும்கூட வெள்ளைக்காரர்கள் இந்தப் பெயரையே வைத்தார்கள். 1821ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் "பரையா" என்ற பெயரில் ஒரு நாடகமே நடந்தது. எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் அது சாதாரண ஐரோப்பிய வார்த்தையாகவே தோன்றும். உண்மையில் அது நம் தமிழ்நாட்டிலுள்ள லட்சக்கணக்கான மக்களின் ஜாதிப் பெயர். நாம் நம் சகோதரர்களை ஊருக்கு வெளியே வைத்திருந்ததைக் கண்ட அன்னியன், "தள்ளிவைக்கப்பட்டவன்" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்று எடுத்துக்கொண்டு போனான். நாம் உலகத்துக்குக் கொடுத்த தமிழ்ச் சொற்களில் இதுவும் ஒன்று என்றால், அதற்காக நாம் தலை குனிய வேண்டாமா என்று கேட்கிறோம்.

நிற்க. இந்தச் சொல்லின் பிறப்பில்தான் ஏதாவது இழிவு இருக்கிறதா என்று பார்ப்போம்.

பறைதல் என்றால் பேசுதல், சொல்லுதல். இந்த அர்த்தத்திலேயே யாழ்ப்பாணத்தார் இன்றும் இதை வழங்குகிறார்கள். மலையாளத்திலோ "சொல்" என்பதற்கு "பறயுக" என்பதுதான் அன்றாட வார்த்தை. நம்பூதிரியும் பறைகிறார், நாயரும் பறைகிறார், புலையரும் பறைகிறார். வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் அங்கே அது பறைதல்தான். சொல்லைப் பலருக்கும் கேட்கும்படி செய்கின்ற தோல்கருவி நமக்குப் பறை. பழங்கன்னடத்தில் அது "பறெ". பேச்சிலிருந்து கருவிக்குப் பெயர் வந்ததா, கருவியிலிருந்து பேச்சுக்குப் பெயர் வந்ததா என்று பண்டிதர்கள் வழக்காடிக்கொள்ளட்டும். எப்படிப் பார்த்தாலும், ஒரு சங்கதியைப் பிறருக்கு அறிவிப்பது என்பதைத் தவிர இதில் வேறு அர்த்தம் இல்லை.

கேரளத்தில் நெல் அளக்கும் ஒரு அளவுக்கும் பறை என்றே பெயர். கலியாணப் பந்தலில் அந்தப் பறை நிறைய நெல்லை வைத்து, "நிறபறை" என்று அதை மங்களகரமாகக் கொண்டாடுகிறார்கள். நம் நாட்டு வைஷ்ணவர்களோ மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலையில் எழுந்து திருப்பாவை பாடுகிறார்கள். அதன் முதற்பாட்டிலேயே நாராயணன் தங்களுக்குப் பறை தருவான் என்று வருகிறது. அங்கே பறைக்குப் பகவானுக்குச் செய்யும் கைங்கரியம் என்று வியாக்கியானம் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே நெல்லை அளந்தால் பறை மங்களம். பகவானிடத்தில் கேட்டால் பறை மோட்சம். ஒரு மனிதன் தோளில் தொங்கினால் மாத்திரம் பறை தீட்டு! இது எந்த இலக்கணத்தில் இருக்கிறது?

பழைய நூல்களைப் பார்த்தாலும் இந்தத் தீட்டுக்கு ஆதாரம் இல்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கையன்றி வேறு குடி இல்லை என்று பெருமையாகவே சொல்லுகிறார். போரில் மாண்ட வீரனுக்கு நட்ட கல்லைத் தவிர, நெல் தூவி வணங்கத்தக்க தெய்வமும் வேறு இல்லை என்கிறார். அந்த நாலு குடி எங்கே? மனுவின் நாலு வருணம் எங்கே?

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சில ஜாதி இந்துப் பண்டிதர்கள், "பார்த்தீர்களா, சொல் உயர்ந்த சொல்தானே? பிறகு அந்தப் பெயரால் கூப்பிட்டால் ஏன் கோபம்?" என்று நியாயம் பேச வருகிறார்கள். இவர்களுக்கு நாம் சொல்லுவது, இழிவு சொல்லின் வேரில் இல்லை, சொல்லுகிறவன் நாக்கில் இருக்கிறது என்பதுதான். அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு எவனும் இன்னொருவனை வைவதில்லை. வையப்பட்டவனும் அகராதியைப் பார்த்துச் சமாதானமடைய வேண்டியதில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய மக்களில் பறையடித்தவர்கள் சிலரே. பெரும்பாலோர் வயலில் உழைத்து நமக்குச் சோறு போட்டவர்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே பெயரில் போட்டுச் சேரியில் அடைத்தது பாஷையல்ல, ஜாதி.

இந்தப் பெயரை என்ன செய்வது என்பதில் அம்மக்களின் தலைவர்களே இரண்டு வழி கண்டார்கள். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயர் பகைவர் சுமத்திய பெயர் என்று தள்ளினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் "பறையன்" என்றே பெயர் வைத்து, வைதவன் கையிலிருந்த கல்லைப் பிடுங்கிக் கொடியாக நட்டார். ஒருவர் சரி, மற்றவர் தப்பு என்று சொல்ல நாம் யார்? தம்மை என்ன பெயரால் அழைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அழைக்கப்படுகிறவருக்கே உண்டு, அழைக்கிறவருக்குக் கிடையாது.

1922இல் சென்னைச் சட்டசபையில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்ததன் மேல், சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அந்தப் பெயருக்குப் பதில் "ஆதிதிராவிடர்" என்று வழங்க உத்தரவாயிற்று. பெயர் மாறிற்று, வேலை மாறிற்றா? ஊர்ச் செய்தியைத் தண்டோராப் போட்டுச் சொல்ல அதே சேரி ஆளைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி சொல்லலாம் என்று தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். காகிதத்திலிருந்து ஒரு பெயரை எடுக்க ஒரு தீர்மானம் போதுமாயிருந்தது. தோளிலிருந்து கட்டாயத் தண்டோராவை இறக்கச் சொல்லவோ சரியாக நூறு வருஷம் ஆயிற்று!

ஆகவே, பறையை வெறுக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. இன்று கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் ஆசையோடு அதைக் கற்று மேடையேறி அடிக்கிறார்கள். நமக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் விருப்பப்பட்டு மேடையில் அடிப்பது கலை. இன்ன ஜாதியில் பிறந்ததற்காகச் சாவு வீட்டு வாசலில் நின்று அடிக்க வேண்டும் என்பது அடிமைத்தனம். இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறவர்களிடத்தில் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

"உலகுக்குப் பறைசாற்றுகிறோம்" என்று மேடைதோறும் முழங்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் சாவு வீட்டுப் பறையை யார் அடிக்கிறார்கள், மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அந்த உரிமை ஒவ்வொரு ஊரிலும் வந்த பிறகு, ஆங்கிலப் பத்திரிகைக்காரனைப் பார்த்து, "எங்கள் மனிதர்களின் பெயரை உன் வசவு அகராதியிலிருந்து எடு" என்று சொல்லும் யோக்கியதை நமக்கும் வரும்.