எஞ்சின் புதிது, வயர் பழையது

அம்பாசடர் காரில் ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்பது பழைய கேலி. எஞ்சின் மாற்றிய அம்பாசடரில் தொல்லை கொடுப்பதோ சத்தமே போடாத ஒன்று: வயரிங்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அச்சாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் உருவம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதிகம் மாறவில்லை. பானெட்டுக்கு அடியில் இருந்தது மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் பெட்ரோல் எஞ்சின். 1980 வாக்கில் டீசல். 1990-களில் ஜப்பானின் இசுசூ எஞ்சின்கள். உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் வண்டியைக் கைவிட மனமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ ஓர் இசுசூ எஞ்சின் கிடைத்தால், அதைப் பழைய மாடலில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசை அவர்களை விடுவதில்லை.

எஞ்சினை இறக்கி ஏற்றுவது சில நாள் வேலை. மவுண்டிங்கை வெல்டிங் செய்யலாம், ரேடியேட்டரை நகர்த்தலாம், சைலன்சரை வளைக்கலாம். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். அதன் பிறகுதான் கண்ணுக்குத் தெரியாத வேலை ஆரம்பிக்கிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முனகுகிறது. உரிமையாளர் புது பேட்டரி வாங்குகிறார். ஒரு வாரம் சரியாக இருக்கிறது, பிறகு மீண்டும் முனகல். செல்ஃப் மோட்டார் மாறுகிறது. ஆல்டர்னேட்டர் மாறுகிறது. பணம் போகிறது, கோளாறு மட்டும் போவதில்லை. வாடகைக்கு ஓடும் வண்டியாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு நாளும் அன்றைய வருமானம் போச்சு.

எஞ்சின் மாற்றிய வண்டியில் மின்சாரக் கோளாறு பெரும்பாலும் புதிதாக வாங்கிய பாகத்தில் இருப்பதில்லை. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் இருக்கிறது. பாகத்தை மாற்றி மாற்றி அதைப் பிடிக்க முடியாது. அளந்துதான் பிடிக்க வேண்டும். அதற்குத் தேவையான கருவிகள் இரண்டே: ஒரு மல்டிமீட்டர், இரண்டு வயர் இணைத்த ஓர் இண்டிகேட்டர் பல்பு.

முதல் சந்தேகம் எர்த் மீது விழ வேண்டும். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் திரும்பி பேட்டரிக்கே வந்தாக வேண்டும். காரில் போகும் பாதைக்கு வயர் உண்டு; திரும்பும் பாதை எஞ்சினின் இரும்பும் பாடியின் தகடும்தான். ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மீது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு தடித்த எர்த் பட்டை இருக்கும். எஞ்சினை இறக்கும்போது கழற்றப்படும் இந்தப் பட்டை, புது எஞ்சின் ஏறும்போது எளிதில் மறந்துபோகிறது. அல்லது பெயிண்ட் மீதே முடுக்கப்படுகிறது.

பட்டை இல்லாவிட்டாலும் மின்சாரம் சும்மா இராது. ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளில் புகை வந்தால் கேபிளைக் குறை சொல்லக் கூடாது. எர்த்தைத்தான் தேட வேண்டும். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் நகர்ந்தாலும் இதே கதைதான்.

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். டீசல் எஞ்சினைச் சுழற்ற செல்ஃப் மோட்டார் 250 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு துருப்பிடித்த இணைப்பு. அதன் மின்தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு. அற்பம் என்று தோன்றும். ஆனால் 250-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2.5 வோல்ட். பன்னிரண்டில் இரண்டரை அங்கேயே தொலைந்துவிட்டது. அந்த இணைப்பில் வெப்பமாக வீணாவது 625 வாட், கிட்டத்தட்ட ஓர் இஸ்திரிப் பெட்டி. வயரிங் ஏன் உருகுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒரு நிமிடம்கூட ஆகாது. மல்டிமீட்டரின் ஒரு முனை எஞ்சினின் சுத்தமான இரும்பில். மறுமுனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில். எஞ்சின் பிடித்துக்கொள்ளாதபடி டீசலை நிறுத்தி வைத்துவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். மீட்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புது பேட்டரிக்கு எடுத்து வைத்த பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். தேவை ஒரு தடித்த கேபிளும், பெயிண்ட்டைச் சுரண்ட ஓர் உப்புத்தாளும். பேட்டரியையும் அளந்தே முடிவு செய்ய வேண்டும். முழுச் சார்ஜில், ஓய்வில், 12.6 வோல்ட் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பத்து வோல்ட்டுக்குக் கீழே வெகுதூரம் விழக் கூடாது.

அடுத்த சிக்கல் பெட்ரோலிலிருந்து டீசலுக்குப் போகும்போது வருகிறது. பெட்ரோல் வண்டியின் வயரிங், பொறி உண்டாக்குவதற்காக அமைந்தது: காயல், டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட். டீசலுக்கு இவை எதுவும் வேண்டாம். அதற்கு வேண்டியது ஹீட்டர் பிளக். நான்கு பிளக்கும் சேர்ந்து சுமார் 40 ஆம்பியர் இழுக்கக்கூடும். காயலுக்குச் சில ஆம்பியர் மட்டுமே கொடுத்துப் பழகிய சாவி ஸ்விட்ச் வழியாக இதைச் செலுத்தினால் ஸ்விட்ச் கருகிவிடும். பேட்டரியிலிருந்து தனித் தடித்த வயர், நடுவே ஒரு ரிலே, பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ். இதுதான் சரியான வழி. ஃபியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, வயரை. ஃபியூஸ் போகிறது என்பதற்காக சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பவர், கோளாற்றைச் சரிசெய்யவில்லை; அதை டேஷ்போர்டுக்குப் பின்னால் தீயாக மாற்றுகிறார்.

ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போனால் கெட்டிக்கார எலக்ட்ரீஷியன்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணைப்பார்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். வயர் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போகும்போது எங்கே பல்பு மங்குகிறதோ, அங்கேதான் வயர் உரசுகிறது. எஞ்சின் மாற்றிய வண்டியில் அது பெரும்பாலும் சைலன்சர் குழாய்க்கு அருகில், அல்லது புதிதாக வெல்டிங் செய்த பிராக்கெட்டின் கூர் விளிம்பில் இருக்கும்.

டைனமோவும் கட்-அவுட்டும் இருந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் வரும்போது இன்னொரு வேடிக்கை நடக்கிறது. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு சார்ஜிங் விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. பல ஆல்டர்னேட்டர்களுக்கு, வேலையைத் தொடங்கத் தேவையான ஆரம்ப மின்சாரமே அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போய்விட்டாலோ, அதை இணைக்காமல் விட்டாலோ, நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் செய்யாது. சில ரூபாய் பல்புக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆல்டர்னேட்டரை மாற்றுவது இப்படித்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் சரி.

அதே பல்பு எதிர்த் தொல்லையும் தரும். சாவியை அணைத்த பிறகும் டீசல் எஞ்சின் நிற்காமல் ஓடும். பழைய டீசல்களில் எஞ்சினை நிறுத்த இழுக்கும் நாப் உண்டு. பின்னால் வந்த பம்புகளில் அந்த வேலையை ஒரு சோலனாய்டு செய்கிறது; அதற்கு மின்சாரம் நின்றால் டீசல் நிற்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர், விளக்கின் வழியாகப் பின்வாசலில் மின்சாரத்தை அனுப்புகிறது. சோலனாய்டையோ அதை இயக்கும் ரிலேயையோ பிடித்து வைக்க, சில வண்டிகளில் அந்தச் சிறு மின்சாரமே போதும். மருந்து சிறியது: விளக்கின் வயரில் ஒரு டயோடு. மின்சாரம் ஒரு திசையில் மட்டும் போகும்.

முள்கள் சொல்லும் பொய் இன்னும் ஆபத்தானது. புது எஞ்சினில் இருக்கும் டெம்பரேச்சர் சென்சாருக்கும் பழைய டேஷ்போர்டு மீட்டருக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. எஞ்சின் கொதிக்கும்போது முள் நிதானமாக நடுவில் நிற்கலாம். சிலிண்டர் ஹெட் வளைந்த பிறகு உண்மை தெரிந்து பயனில்லை. மீட்டருக்கு ஏற்ற பழைய சென்சாரையே அடாப்டர் வைத்துப் புது எஞ்சினில் பொருத்துவது புத்திசாலித்தனம்.

மல்டிமீட்டரும் சில நேரம் ஏமாற்றும். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஒற்றை இழையே போதும். அதே வயரில் 21 வாட் பல்பை இணைத்தால் குட்டு வெளிப்படும். பல்பு மங்கலாக எரியும். சுமை ஏற்றித்தான் வயரைச் சோதிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் உள்ள எஞ்சின்களில் மட்டும் இந்தப் பல்புச் சோதனை கூடாது. கார்புரேட்டர் ஜிப்ஸியில் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினை ஏற்றுபவர்கள் இதை மறக்கக் கூடாது. சென்சார் வயர்கள் பெரும்பாலும் ஐந்து வோல்ட்டில் இயங்குபவை. பல்பின் சுமை கம்ப்யூட்டரையே பழுதாக்கும். அங்கே முதல் கேள்வி, சாவி போட்டதும் 'செக் எஞ்சின்' விளக்கு எரிகிறதா என்பது. எரியாவிட்டால் கம்ப்யூட்டருக்கு மின்சாரமோ எர்த்தோ போகவில்லை என்று சந்தேகிக்கலாம். எரிந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால், சாவியில் உள்ள சிப்பும் கம்ப்யூட்டரும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையா என்று பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலே சட்டம் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எஞ்சினை வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிப்பது, பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் வாதாடுவதைவிடச் சுலபம்.

அதன் பிறகும் ஒரு வேலை மிச்சம். பிரிட்டிஷ் லூகாஸ் முறையில் பழுப்பு என்றால் நேரடி பேட்டரி வயர், வெள்ளை என்றால் சாவி வழி, பச்சை என்றால் ஃபியூஸ் தாண்டிய வயர், கறுப்பு என்றால் எர்த். ஜப்பானிய எஞ்சினோடு வரும் வயர்களின் நிறக் கணக்கு வேறு. இரண்டையும் எந்த இடத்தில், எந்த நிறத்துக்கு எந்த நிறமாக இணைத்தார் என்பது, வேலை செய்த எலக்ட்ரீஷியனின் தலையில் மட்டும் இருக்கிறது. ஓராண்டு கழித்து அவர் வேறு ஊரில் இருக்கலாம். வண்டி நடுவழியில், நள்ளிரவில் நிற்கலாம். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் வரைந்து, டேஷ்போர்டு பெட்டியில் வைத்த ஒரு வயரிங் படம் அன்று எந்தப் புது பேட்டரியையும்விட உதவும். மீதிக் கூலியைக் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.