அட்டை கொடுத்தால் போதுமா?

நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்கள் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-ல் வெளியிட்டார்கள். இத்தகைய அணுக்களால் வரும் சிக்கிள் செல் சோகையை ஒழிக்க ஒரு தேசிய இயக்கம் வருவதற்கு அதன் பிறகு 71 ஆண்டுகள் ஆயின. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் அது தொடங்கப்பட்டது. 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, ரத்தத்தின் நிலையைக் காட்டும் அட்டை கொடுத்து, 2047-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால், எண்ணிக்கை காட்டுவதோடு அது நின்றுவிடக் கூடாது.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினுக்குரிய மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. அதனால் புரதத்தில் குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான் மாற்றம். ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, சிவப்பணு வளைந்து விறைத்து நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். பிறந்து சில மாதங்கள்வரை கருக்கால ஹீமோகுளோபின் குழந்தையைக் காக்கிறது. அது குறைந்ததும் பிஞ்சுக் கைகளும் பாதங்களும் வீங்குகின்றன. தொட்டாலே குழந்தை வீறிட்டு அழுகிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10, 20 நாட்களில் சிதைவதால் சோகையும் சேர்ந்துகொள்கிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோய்க்கடத்தி; அவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு. மலேரியா மிகுந்த நிலங்களில் இந்த மரபணு நிலைத்ததற்கு அதுவே காரணம். இதில் குலத்தின் குறை எதுவும் இல்லை.

தாய், தந்தை இருவரும் நோய்க்கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கான வாய்ப்பு 25 சதவீதம். முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போட முடியாது. இதைப் பழங்குடி மக்களுக்கு அவர்களுடைய மொழியில், பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

திருமணத்துக்கு முன் ஜாதகத்தோடு அட்டையையும் பொருத்திப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள், கிரீஸ் நாட்டின் ஆர்கோமெனோஸில் நடந்ததை அறிய வேண்டும். அந்த ஊரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நோய்க்கடத்தி. அங்கே எல்லோரையும் பரிசோதித்து முடிவுகளைத் தெரிவித்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, நோய்க்கடத்திகள் தங்களுக்குள் மணந்துகொள்வது குறைந்திருக்கவில்லை. சிலர் திருமணப் பேச்சில் முடிவை மறைத்திருந்தார்கள். நோய்க்கடத்தி என்று தெரிந்தவர்கள் மீது களங்கம் விழுந்திருந்தது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட மக்களின் கையில் இன்னொரு முத்திரையாக இந்த அட்டை மாறிவிடக் கூடாது. அதிலும் பெண்ணின் அட்டையை மட்டும் கேட்டு வாங்கிப் பார்க்கும் வழக்கம் வந்துவிடக் கூடாது.

நோயோடு வாழ்பவர்களுக்கு இன்றே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அப்போது அங்கே அதன் விலை 22 லட்சம் டாலர். மலைக் கிராமத்துக்கு அது எப்போது வருமோ! ஹைட்ராக்சியூரியா அப்படியல்ல. பழைய மருந்து, விலை குறைவு, வலி வருவதைக் குறைக்கிறது. பிறந்தவுடன் பரிசோதனை, நோயுள்ள குழந்தைகளுக்குப் பென்சிலின், நிமோனியா தடுப்பூசி ஆகியவை உயிர் காப்பவை என்பதும் நிரூபணமானது.

ஹைட்ராக்சியூரியா சாப்பிடுபவருக்கு அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்காகத் தோட்டக் கூலி வேலையை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறச் சொன்னால், பலர் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். மாத்திரையும் இந்தப் பரிசோதனையும் அவரவர் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.