சோலையை அவசரப்படுத்த முடியாது

பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான், திருச்சியைத் தாண்டி எங்கள் துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை ஏரியில் வந்து சேர்கிறது. இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு கேட்டால் எல்லோரும் மேட்டூரைத்தான் சொல்வோம். அது முழுசும் சரியில்லை. மேட்டூருக்குக் கீழே பவானியும் அமராவதியும் காவிரியில் கலக்கின்றன. பவானிக்குத் தாய்வீடு நீலகிரி. அமராவதிக்கு ஆனைமலையும் பழனிமலையும். அந்த உச்சிகளில் மழையைப் பிடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சங்கொஞ்சமாகக் கசியவிடுபவை புல்வெளியும், அதன் மடிப்புகளில் நிற்கும் சோலைக்காடும்தான்.

வெள்ளைக்காரனுக்கு அந்தப் புல்வெளி வெறும் தரிசாகத் தெரிந்தது. 1840களிலேயே ஆஸ்திரேலியச் சீகையையும் தைலமரத்தையும் நட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் நூலுக்கும் என்று நம் அரசே அவற்றைப் பரப்பியது. இப்போது அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அகற்றும் விதத்தில்தான் எனக்குப் பயம்.

சீமைக் கருவேலத்தைப் பொக்லைன் விட்டு வழித்த தரிசைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுத்த மழைக்கே குப்புன்னு முளைச்சு நிக்கும். சீகையும் அப்படித்தான். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். மலையை மொட்டையடித்து வெயில் பட்டால் மொத்தமாக எழும்.

சோலைக்கன்று நேர்மாறு. வெட்டவெளியில் வைத்தால் உறைபனி கருக்கிவிடும். காட்டுப்பூவரசு போன்ற ஒரு சிலதான் தாங்கும். மற்றவைக்கு நிழல் வேண்டும், விதை கொண்டுவரப் பறவை வேண்டும். பழனிமலையில் பழைய சீகைத் தோப்புகளின் நிழலிலேயே, பக்கத்துச் சோலையின் கன்றுகள் தானாக எழுந்து வருகின்றன. நம்ம பாஷையில் சொன்னால், அங்கே சீகைதான் மூடாக்கு!

ஆகவே, சோலைக்கன்று எழும் இடத்தில் சீகையைப் படிப்படியாகக் கழிக்க வேண்டும். ஆதியில் புல்வெளியாக இருந்த இடத்தில் சீகையை எடுத்துவிட்டுப் புல்லை மீட்க வேண்டும். வருஷா வருஷம் முளைக்கும் சீகைக்கன்றைப் பிடுங்க மலைமக்களுக்கே கூலி கொடுத்து வேலை தரலாம். மரம் நடுவிழா என்று புல்வெளியில் குழி தோண்டவே கூடாது.

ரசாயனத்தில் செத்த மண் ஒரே போகத்தில் உயிர்க்காதுன்னு நமக்குத் தெரியும். மலைக்கு மட்டும் ஏன் அவசரம்? தூர்வாரலுக்கும் மேட்டூர் திறப்புக்கும் மனு கொடுக்கும் நாம, இனிமே சோலைக்கும் சேர்த்துக் கொடுக்கணும்.